சார்ந்து நிற்கும் மனமும் சோர்வு நோயும்

ஒரு குடும்பத்தில் ஒருவர் மாதக்கணக்காக முகம் வாடி, உண்ணவும் உறங்கவும் பிடிக்காமல், எடுத்த காரியத்தில் மனம் செல்லாமல், கணவனையோ தாயையோ மூத்த மகனையோ விடாமல் பற்றிக்கொண்டு, "நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை" என்று கலங்கிக்கொண்டிருப்பாரானால், அவரைச் சுற்றியிருப்பவர்கள் முதல் சில வாரங்கள் இரக்கப்பட்டுவிட்டு, அதன் பிறகு அநேகமாக ஒரே தீர்ப்புக்கு வந்துவிடுகிறார்கள். அவர் எப்போதுமே அப்படித்தான். சொந்தக் காலில் நிற்கத் தெரியாத சுபாவம். அந்தச் சுபாவம்தான் இப்போது வியாதியாக முற்றியிருக்கிறது என்பது அத்தீர்ப்பு. அதில் ஓரளவு உண்மை இல்லாமலில்லை. ஆனால் அந்த ஓரளவு உண்மையை முழு உண்மையாகக் கொண்டுவிடுவதால் நோயாளிக்கு நேரும் தீங்கு சாமானியமானதன்று. சுபாவம் நோயை உண்டாக்குகிறதா, நோய் சுபாவத்தைப்போல வேஷம் போடுகிறதா, அல்லது இவ்விரண்டுக்கும் வெளியே வாழ்க்கை நிலைமையில் வேறொரு காரணம் ஒளிந்திருக்கிறதா என்ற கேள்விகளை மனோதத்துவ அறிஞர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் கண்டவற்றை அறிந்த ஒருவர், அந்தத் தீர்ப்பை அவ்வளவு சுலபமாக எழுதிவிட மாட்டார்.

மனச்சோர்வு நோய் என்பது துக்கத்தின் மறுபெயரன்று. குறைந்தது இரண்டு வார காலம், நாளின் பெரும்பகுதியும் மனம் கனத்துக் கிடப்பதும், முன்பு இன்பம் தந்த காரியங்களில் நாட்டம் அற்றுப்போவதும், பசியும் நித்திரையும் குலைவதும், சிறு முடிவுகூட எடுக்க முடியாத தயக்கமும், தான் எதற்கும் உதவாத பாரம் என்ற எண்ணமும், சிலருக்கு மரண சிந்தனையும் சேர்ந்து வருவது அதன் இலக்கணம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015–16ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் வயது வந்தவர்களுள் ஏறத்தாழ இருபது பேரில் ஒருவரை வாழ்நாளில் ஒரு சமயமாவது இந்நோய் பீடித்திருக்கிறது. அவர்களில் சுமார் 85 சதவீதத்தினர் சிகிச்சை பெறவில்லை. அந்த 85 சதவீதத்தில் எத்தனை பேர், "அது அவர் சுபாவம்" என்ற ஒரு வார்த்தையாலேயே வைத்தியரிடம் போகாமல் தடுக்கப்பட்டவர்கள் என்று எண்ணிப் பார்க்கையில் மனம் வேதனையடைகிறது.

சார்பு சுபாவம் என்பதோ வேறு விஷயம். பிறருடைய அன்பும் ஆதரவும் அங்கீகாரமும் இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் ஆகாது என்ற உள்ளார்ந்த நம்பிக்கையே அதன் வேர். புடவைக் கடையில் நிறம் தேர்ந்தெடுப்பதற்குக்கூடப் பிறர் சொல்லை எதிர்பார்ப்பது, மாறுபட்ட அபிப்பிராயம் இருந்தும் கோபித்துக்கொண்டு விலகிவிடுவார்களோ என்று அஞ்சி வாய் திறவாதிருப்பது, தனியாக விடப்பட்டால் பரிதவிப்பது, ஓர் உறவு அறுந்தால் காயம் ஆறுமுன்பே மற்றோர் உறவைத் தேடி ஓடுவது முதலியன அதன் அடையாளங்கள். இவை மிதமிஞ்சி, வாழ்க்கையையே முடக்கும் அளவுக்குப் போகும்போது அதற்குச் சார்பு ஆளுமைக் கோளாறு என்று பெயரிட்டு, அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் 1980இல் தன் கையேட்டில் தனியிடம் அளித்தது. பின்வந்த பதிப்புகளில் எட்டுக் குறிகள் கூறப்பட்டு, அவற்றுள் ஐந்தேனும் இருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டது. உலக சுகாதார ஸ்தாபனமோ, 2022இல் நடைமுறைக்கு வந்த தன் புதிய வகைப்பாட்டில், இத்தகைய தனித்தனிப் பெட்டிகளைப் பெரும்பாலும் கைவிட்டு, கோளாறு எவ்வளவு கடுமையானது, எந்தக் குணங்கள் மேலோங்கி நிற்கின்றன என்று மட்டுமே பார்க்கச் சொல்கிறது. எனக்கு இந்தப் பார்வையே உசிதமாகத் தோன்றுகிறது. ஏனெனில் சார்ந்திருத்தல் ஒருவரிடம் உண்டு, மற்றவரிடம் இல்லை என்று கோடு கிழிக்கத்தக்க குணமே அன்று. அது எல்லாரிடமும் உள்ளது, அளவில்தான் வேற்றுமை.

இவ்விரண்டுக்கும் தொடர்புண்டு என்ற கருத்து மனப்பகுப்பாய்வின் ஆரம்ப காலத்திலேயே எழுந்தது. பெர்லினில் வைத்தியம் பார்த்த கார்ல் ஆபிரகாம் 1911 முதல் மனச்சோர்வைக் குறித்து எழுதினார். ஸிக்மண்ட் ஃபிராய்ட் 1917இல், இழவின் துக்கத்தையும் சோர்வு நோயையும் ஒப்பிட்டு, இழந்த உறவு மனத்துக்குள்ளேயே புகுந்துகொண்டு தன்னையே தண்டிக்கும் விதத்தை விவரித்தார். 1928இல் ஸாண்டோர் ராடோ, சோர்வுக்கு ஆளாகிறவர்களுடைய சுயமதிப்பு அவர்களுக்குள்ளிருந்து ஊறுவதில்லை, பிறருடைய அன்பாகிய வெளி வரத்தையே நம்பியிருக்கிறது என்றார். இவையெல்லாம் கூர்ந்த மதியுடையோர் சிலர் தம் நோயாளிகளை வைத்துச் செய்த ஊகங்கள். கண்ணால் கண்ட சாட்சியம் கிடைத்தது வேறோர் இடத்தில், பேசவும் தெரியாத சிசுக்களிடம்.

அமெரிக்காவில் பெண்களுக்கான ஒரு சிறையில், தண்டனைக் காலத்தில் பிரசவித்த தாய்மார்கள் தங்கள் குழந்தைகளை அங்கேயே இருந்த சிசுக் காப்பகத்தில் தாங்களே வளர்த்து வந்தார்கள். ரெனே ஸ்பிட்ஸ் என்னும் வைத்தியர் அங்கே 123 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார். ஆறாம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில், நிர்வாகக் காரணங்களால் சில தாய்மார்கள் தம் குழந்தைகளைப் பிரிய நேர்ந்தது. அதுவரை சிரித்து விளையாடிக்கொண்டிருந்த குழந்தை முதலில் எதற்கெடுத்தாலும் அழத் தொடங்கிற்று. அருகில் வந்த எவரையும் கெட்டியாகப் பற்றிக்கொண்டது. சில வாரங்களில் அழுகை அடங்கி, தொட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, சுற்றி நடப்பதில் எதிலும் கலந்துகொள்ளாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. வலிந்து நெருங்கினால் வீறிட்டது. எடை குறைந்தது, உறக்கம் கெட்டது, சளியும் ஜுரமும் எளிதில் பற்றின. சுமார் மூன்று மாதத்துக்குள் தாய் திரும்பி வந்துவிட்டால் அக்குழந்தை வியக்கத்தக்க வேகத்தில் பழைய நிலைக்கு மீண்டது. ஐந்து மாதத்தையும் கடந்து பிரிவு நீடித்தவர்களின் நிலையோ எளிதில் திருந்தவில்லை. 1946இல் வெளியான இந்த ஆராய்ச்சியில் என் மனத்தை மிகவும் தொட்டது ஒன்றுண்டு. தாயோடு நல்ல பிணைப்புடன் இருந்த குழந்தைகளே பிரிவினால் அதிகம் வாடினார்கள். தாயிடம் அவ்வளவாக ஒட்டாத குழந்தைகள் அத்தனை பாதிக்கப்படவில்லை. அந்தச் சிசுக்களை எவரும் பலவீனமான சுபாவமுடையவர்கள் என்று சொல்லத் துணியமாட்டார். சார்ந்திருக்க வேண்டியவர்கள் சார்ந்திருந்தார்கள், அந்த ஆதாரம் எடுபட்டது, சோர்ந்தார்கள்.

இங்கிலாந்தின் ஜான் பௌல்பி இந்த உண்மையைப் பிணைப்புக் கொள்கையாக விரித்து, 1969 முதல் 1980 வரை மூன்று பெரும் நூல்களில் எழுதினார். அருகில் நம்பத்தக்க ஒருவர் இருக்கிறார் என்ற உறுதி பெற்ற குழந்தையே துணிந்து அவரை விட்டு விலகி உலகத்தை ஆராயப் புறப்படுகிறது; அந்த உறுதி கிடைக்காத குழந்தைதான் முந்தானையை விடாது பற்றிக்கொள்கிறது என்பது அவர் கொள்கையின் சாரம். அதாவது, அளவுக்கு மீறிய சார்பு என்பது அதிகம் அன்பு பெற்றதன் விளைவன்று. நிச்சயமில்லாத அன்பைப் பெற்றதன் விளைவு. ஆஸ்திரேலியாவின் கார்டன் பார்க்கர் 1979 முதல் செய்த ஆராய்ச்சிகளும் இதற்கு ஒத்திசைகின்றன: பிற்காலத்தில் மனச்சோர்வுற்றவர்கள் தம் பெற்றோரைப் பற்றிக் கூறியபோது, பரிவு குறைவு, கட்டுப்பாடு அதிகம் என்ற சேர்க்கையே மிகுதியாகக் காணப்பட்டது. "உனக்கு ஒன்றும் தெரியாது, நீ சும்மா இரு" என்று ஒவ்வொரு காரியத்தையும் பெற்றோரே எடுத்துச் செய்யும் வீட்டில், குழந்தை கற்றுக்கொள்வது தன் இயலாமையைத்தான்.

வளர்ந்தவர்களின் மனச்சோர்வில் சார்பு எங்கே புகுகிறது என்பதை மிகத் தெளிவாக வகுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஸிட்னி பிளாட். 1974இல் அவர், வெளிக்கு ஒரே நோயாகத் தோன்றும் மனச்சோர்வுக்குள் இரு வேறு அனுபவங்கள் அடங்கியுள்ளன என்றார். ஒன்று, கைவிடப்பட்ட உணர்வு: தனிமை, ஏக்கம், "என்னை யாரும் வேண்டாமென்று விட்டுவிடுவார்கள்" என்ற அச்சம். மற்றொன்று, குற்ற உணர்வு: "நான் தேறாதவன், நான் தோற்றவன்" என்ற இடையறாத சுயகண்டனம். முன்னது உறவைப் பற்றியது. பின்னது சாதனையைப் பற்றியது. இரண்டாண்டுகள் கழித்து அவரும் அவருடைய சகாக்களும் 66 வாக்கியங்கள் கொண்ட ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டு, நோயற்ற சாதாரண மாணவர்களிடத்திலேயே இந்த இரு போக்குகளும் தனித்தனியே புலப்படுவதைக் காட்டினார்கள். முற்றிலும் வேறு மரபிலிருந்து வந்த ஆரன் பெக், சிந்தனைச் சிகிச்சையின் தந்தை எனப்படுபவர், 1983இல் ஏறக்குறைய இதே பிரிவினையை வந்தடைந்தார் என்பது கவனிக்கத்தக்கது. பிறர் அன்பில் உயிர் வைத்திருப்பவரைப் பிரிவும் புறக்கணிப்பும் வீழ்த்துகின்றன. தன் சாதனையில் உயிர் வைத்திருப்பவரைத் தோல்வி வீழ்த்துகிறது என்பது அவர் கருத்து. ஆகவே ஒரே வீட்டில் மகன் அயல்நாட்டுக்குப் போய்விட்டதனால் தாய் படுத்த படுக்கையாவதும், பதவி உயர்வு தவறியதனால் தந்தை இருண்டுபோவதும் நிகழக்கூடும்; ஒருவரைத் தாக்கியது மற்றவரைத் தொடாமலே போய்விடக்கூடும். பின்னால் நடந்த ஆராய்ச்சிகள், சார்புக்கும் உறவிழப்புக்கும் உள்ள பொருத்தத்தை நன்றாகவே ஆதரித்திருக்கின்றன. சாதனையைப் பற்றிய பாதிக்குக் கிடைத்த ஆதாரம் அவ்வளவு உறுதியானதன்று.

சார்பு சுபாவம் நோயை வரவேற்பது பெரிய இழப்புகளின் வாயிலாக மாத்திரம் அன்று. அன்றாடம் நடக்கும் ஒரு சிறு சம்பாஷணையைக் கேளுங்கள். மாலையில் வேலை முடிந்து கணவன் வீடு திரும்புகிறான். களைப்பினால் பேச்சுக் குறைவு.

"ஏங்க, என் மேல கோபமா?"

"இல்லையே."

"பின்னே ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல, தலைவலி."

"காலையில நான் சொன்னதுக்குத்தானே? சொல்லுங்க, பரவாயில்ல."

"அதெல்லாம் இல்லேன்னு எத்தனை தரம் சொல்றது?"

"பாத்தீங்களா, கோபம்தான்."

கோபமில்லாத இடத்தில் கோபம் பிறந்துவிட்டது. ஜேம்ஸ் காய்ன் என்னும் உளவியலார் 1976இல் இந்தச் சுழலைத்தான் வருணித்தார். சோர்வுற்றவர் தன்மீது அன்பு இருக்கிறதா என்று கேட்கிறார், இருக்கிறது என்று பதில் வருகிறது, நான் கேட்டதனால்தானே சொன்னார் என்ற சந்தேகம் அந்தப் பதிலை அரித்துவிடுகிறது, மறுபடியும் கேட்கிறார். சலித்துப்போன மற்றவர் வாயால் "அன்பு உண்டு" என்றும், முகத்தால் "போதும்" என்றும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்குகிறார். முகம் சொன்னதையே சோர்வுற்றவர் நம்புகிறார். தாமஸ் ஜாய்னர் முதலியோர் இந்த இடைவிடாத உறுதிமொழி தேடலைப் பிற்காலத்தில் விரிவாக ஆராய்ந்தனர். எதை இழந்துவிடுவோமோ என்று அஞ்சி அந்தக் கேள்வி கேட்கப்பட்டதோ, அதையே அந்தக் கேள்வி சிறுகச் சிறுக இழக்கச் செய்கிறது. இதில் குற்றவாளி யாரும் இல்லை என்பதை இருவருக்கும் விளங்கச் செய்வதே சிகிச்சையின் ஒரு பெரும் பகுதி என்று சொல்வேன்.

இதற்கு நேர்மாறான ஒரு போக்கும் அதே சுபாவத்திலிருந்து கிளைப்பதுண்டு. சிலர் கேட்பதே இல்லை, வாயைக் கட்டிக்கொள்கிறார்கள். மனத்தில் பட்டதைச் சொன்னால் உறவு போய்விடும் என்று, பிடிக்காத கல்யாணச் செலவுக்கும், தாங்க முடியாத வேலைப் பளுவுக்கும், மதியாத பேச்சுக்கும் தலையசைத்துத் தலையசைத்து, தம் விருப்பம் எது என்பதே தமக்கு மறந்துபோன நிலைக்கு வந்துவிடுகிறார்கள். டேனா ஜாக் என்பவர் 1991இல் எழுதிய நூலில், மனச்சோர்வுற்ற பெண்கள் தம் குரலைத் தாமே அடக்கிக்கொண்ட இந்த வரலாறுகளைத் தொகுத்திருக்கிறார். நல்ல மருமகள், நல்ல மனைவி என்று ஊர் மெச்சும் ஒருத்தியின் சோர்வு வெளியே தெரியாமற்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, முதலில் குறிப்பிட்ட அந்தத் தீர்ப்புக்கு வருவோம். நோயாளியைப் பார்த்து, இவர் பிறவியிலேயே சார்பு சுபாவமுடையவர் என்று சொல்லுகிறவர், எந்தச் சமயத்தில் பார்த்துச் சொல்லுகிறார் என்று கேட்க வேண்டும். ராபர்ட் ஹிர்ஷ்ஃபெல்டும் ஜெரால்ட் கிளெர்மனும் தம் சகாக்களுடன் 1983இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனச்சோர்வுற்றவர்களை நோயின் நடுவே ஒரு முறையும், ஓராண்டு கழித்து மறுமுறையும் சுபாவப் பரீட்சைக்கு உட்படுத்தினார்கள். நோய் நீங்கியவர்களிடத்தில் சார்பின் அளவு குறைந்திருந்தது. மன உறுதி கூடியிருந்தது. நோய்க்காலத்தில் சுபாவம் என்று அளக்கப்பட்டதில் ஒரு பகுதி சுபாவமே அன்று, நோயின் நிழல் என்பது இதனால் புலனாயிற்று. முடிவெடுக்க முடியாமை மனச்சோர்வின் குறி. ஆகவே நோயாளி பிறரிடம் முடிவை ஒப்படைக்கிறார். தன்னம்பிக்கை அழிவது மனச்சோர்வின் குறி; ஆகவே தனியே விடாதீர்கள் என்று மன்றாடுகிறார். டைபாய்டு ஜுரத்தில் கிடப்பவரைப் பார்த்து, இவர் எப்போதும் படுத்தே கிடக்கும் சோம்பேறி என்று நாம் சொல்வதில்லை. மனத்தின் ஜுரத்தில் மட்டும் அப்படிச் சொல்லிவிடுகிறோம். கல்யாண விவகாரங்களிலும், பாகப் பிரிவினைகளிலும், சில சமயம் வைத்தியக் குறிப்புகளிலும்கூட இவ்விதம் அவசரப்பட்டு எழுதப்பட்ட சுபாவச் சான்றிதழ், நோய் போன பின்பும் ஒருவரைத் தொடர்ந்து வருவது கொடுமை.

ஆயினும் எல்லாமே நிழல் என்று தள்ளிவிடவும் ஆதாரம் இடந்தரவில்லை. அதே ஹிர்ஷ்ஃபெல்ட் குழுவினர், அதுவரை மனச்சோர்வே வந்தறியாதவர்களின் சுபாவத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டு, பின்னர் எவருக்கு முதன்முறையாக நோய் வந்தது என்று காத்திருந்து பார்த்து, 1989இல் முடிவை வெளியிட்டார்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களிடத்தில் சுபாவம் முன்னறிவிப்பாக அமையவில்லை. முப்பதைத் தாண்டியவர்களிடத்தில், நோய்க்கு ஆளானவர்கள் முன்பே சற்று அதிகச் சார்புடையவர்களாகவும், உள்ளுறுதி குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். ஆக, சுபாவத்துக்கும் பங்குண்டு. ஆனால் அது ஊர் நினைக்கிற அளவு பெரிய பங்கன்று, எல்லா வயதிலும் ஒரே மாதிரியானதுமன்று.

சுபாவம், நோய் என்ற இரண்டை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் மூன்றாவதான ஒன்று கண்ணுக்குத் தப்பிவிடும். லண்டன் மாநகரின் காம்பர்வெல் பகுதியில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் வீடு வீடாகச் சென்று பெண்களிடம் மணிக்கணக்காகப் பேசி, 1978இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கடுஞ்சோதனைகள் எல்லாருக்கும் வருகின்றன. அவற்றால் சிலர் மட்டும் ஏன் மனச்சோர்வில் வீழ்கிறார்கள் என்பதே அவர்கள் கேள்வி. மனம் விட்டுப் பேச நெருங்கிய துணை இல்லாமை, வீட்டில் பதினான்கு வயதுக்குட்பட்ட மூன்று குழந்தைகளோ அதற்கு மேலோ இருத்தல், வெளியே உத்தியோகம் இல்லாமை, பதினொரு வயதுக்கு முன்பே தாயை இழந்திருத்தல் என்ற நான்கும் பெண்களை எளிதில் வீழத்தக்கவர்களாக ஆக்கின என்று கண்டார்கள். இந்தப் பட்டியலை நிதானமாகப் படித்துப் பார்க்கையில், இங்கே பேசப்படுவது சுபாவமா என்ற ஐயம் எழுகிறது. கையில் காசில்லாத, வாசற்படி தாண்டக் காரணமில்லாத, மூன்று குழந்தைகளோடு நாள் முழுவதும் நாலு சுவருக்குள் இருக்கும் ஒருத்தி, மாலையில் வீடு திரும்பும் ஒரே ஒரு மனிதனுடைய முகத்தைப் பார்த்துத் தன் நாளின் நன்மை தீமையை நிர்ணயித்துக்கொண்டால், அவளுக்கு வேறு எந்த முகம் இருக்கிறது? நிர்ப்பந்தத்தைச் சுபாவம் என்று பெயரிட்டு அழைப்பது நியாயமன்று. அதிலும் அடித்துத் துன்புறுத்தும் கணவனை விட்டு வெளியேறாதிருக்கும் பெண்ணைச் சார்பு சுபாவமுடையவள் என்று சொல்லுமுன், வெளியேறினால் அவளுக்குத் தங்க இடமும் உண்ணச் சோறும் எங்கே கிடைக்கும் என்று பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். மனைவி தன்னை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயமே சில ஆண்களைக் கை ஓங்கச் செய்கிறது என்பதையும், அந்த வீட்டில் சார்பு சுபாவம் அடிபடுபவளைக் காட்டிலும் அடிப்பவனிடத்தே மிகுந்திருக்கக்கூடும் என்பதையும் ராபர்ட் பார்ன்ஸ்டைன் எடுத்துக்காட்டியிருக்கிறார்.

பார்ன்ஸ்டைன் இத்துறையில் பல்லாண்டுகள் உழைத்தவர். ஆண் பெண் வேற்றுமையைப் பற்றி அவர் கண்டது நம் கண்ணைத் திறக்கத்தக்கது. "நீங்கள் பிறரைச் சார்ந்திருக்கிறீர்களா" என்ற பொருள்பட நேராகக் கேட்கும் வினாப்பட்டியல்களில் பெண்களே அதிகம் ஆம் என்கிறார்கள். ரோர்ஷாக் மைக்கறைப் படங்களைப் போல, எதை அளக்கிறார்கள் என்று தெரியாத பரீட்சைகளில் ஆண்கள் ஒரு சிறிதும் பின்தங்கவில்லை. ஆணின் சார்பு மறைந்து வாழ்கிறது. நாற்பது வருஷம் அலுவலகத்தில் அதிகாரம் செலுத்திய ஒருவர், மனைவி காலமான பதினாறாம் நாள் சமையலறையில் நின்று, சர்க்கரை எந்த டப்பாவில் இருக்கிறது, காஸ் சிலிண்டருக்கு எந்த எண்ணில் பதிவு செய்வது, சம்பந்தி வீட்டாரோடு யார் பேசுவது என்று ஒன்றும் விளங்காமல் திகைக்கும்போதுதான், அந்தக் குடும்பம் இத்தனை காலமும் எவர் எவரைச் சார்ந்து நின்றார் என்பதை முதன்முறையாகக் காண்கிறது. அவர் வாயால் "துக்கம்" என்று சொல்லமாட்டார். தூக்கமில்லை, வயிறு சரியில்லை, நெஞ்சு படபடக்கிறது என்பார். அப்படிப்பட்டவர்களைக் கவனியுங்கள் என்று வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

சார்ந்திருத்தல் குற்றம், தனித்து நிற்றலே மேன்மை என்ற அளவுகோலே சரிதானா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஜப்பானின் மனோவைத்தியர் டகேயோ டோய், 1971இல் வெளியான புகழ்பெற்ற நூலில், பிறர் பரிவில் உரிமையோடு சாய்ந்துகொள்ளும் மனப்பாங்கே தம் மக்களின் உறவுகளுக்கு ஆதாரம் என்று விளக்கினார். நம் நாட்டில் ஜஸ்வந்த் சிங் நேகி, பஞ்சாபிக் கவிஞராகவும் மனோவைத்தியராகவும் ஒருங்கே விளங்கியவர், 1970களில் எழுதிய கட்டுரைகளில், சார்பைப் பற்றிய மதிப்பீடு சமூகத்துக்குச் சமூகம் மாறுபடும் என்றும், மேல்நாட்டுச் சிகிச்சை முறை சுதந்திரத்தையே இலட்சியமாக வைத்துக்கொண்டு இந்திய நோயாளியை அளப்பது பொருந்தாது என்றும் வாதித்து, குரு சிஷ்ய உறவைச் சிகிச்சைக்கு ஒரு முன்மாதிரியாகக் காட்டினார். குருவிடம் சிஷ்யன் முழுமையாகச் சரணடைகிறான்; ஆயினும் அந்தச் சரணாகதியின் நோக்கம் அவனை முதிரச் செய்வது. நேகியின் இந்தக் கருத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். ஒருவர் மீது சாய்ந்திருப்பதில் அபாயமில்லை. உலகத்தில் அந்த ஒருவர் மீது மட்டுமே சாய்ந்திருப்பதிலும், சாய்ந்தவரை நிமிரவிடாத ஒருவர் மீது சாய்ந்திருப்பதிலும்தான் அபாயம்.

சிகிச்சையில் இந்தச் சுபாவம் அனுகூலமாகவும் அமைகிறது என்று சொன்னால் சிலர் ஆச்சரியப்படலாம். உடலில் ஒரு கோளாறு தென்பட்டால் சார்பு சுபாவமுடையவர் மற்றவர்களைவிடச் சீக்கிரமே வைத்தியரை நாடுகிறார். சொன்ன மருந்தைச் சொன்னபடி உட்கொள்கிறார். பிளாட்டும் அவருடைய சகாக்களும் அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சிகிச்சை ஆராய்ச்சியின் தகவல்களை 1995இல் மறுபடியும் ஆராய்ந்தபோது, குறுகிய காலச் சிகிச்சைகளின் பலனைக் கெடுத்தது தன்னையே கடுமையாக நிந்திக்கும் பூரணத்துவ மோகமே. பிறர் அங்கீகாரத்தை நாடும் குணம் அவ்வாறு கெடுக்கவில்லை. சிரமம் வேறிடத்தில் இருக்கிறது. நோயாளிக்கு வைத்தியரே அடுத்த ஆதாரமாகிவிடக்கூடும். வைத்தியருக்குப் பிடித்தமாக நடக்க வேண்டுமென்று, குணமாகாமலே குணமாகிவிட்டதாகச் சொல்லவும்கூடும்.

குடும்பத்தினர் இரு எல்லைகளில் ஒன்றுக்குப் போய்விடுவது வழக்கம். ஒன்று, "நாங்கள் விட்டால்தான் நீ தேறுவாய்" என்று திடீரென்று கையை விலக்கிக்கொள்வது. மனச்சோர்வின் நடுவே இது மிக ஆபத்தானது. மற்றொன்று, எல்லாவற்றையும் தாமே செய்து, நோயாளியை முற்றிலும் முடக்கிவிடுவது. நடுவழி கஷ்டமானது, ஆனால் கூடாததன்று. மனைவியை இழந்து திகைத்து நின்றதாக மேலே சொன்ன மனிதருக்காக மகன் தானே போய்ப் பென்ஷன் பணம் எடுத்து வருவது ஓர் உபகாரம். பாஸ்புக்கை அவர் கையிலேயே கொடுத்து, சலானை அவரையே நிரப்பச் செய்து, அவர் வரிசையில் நிற்கும்போது ஐந்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அதைவிடப் பெரிய உபகாரம். கோவாவில் நடந்து 2017இல் வெளியான ஆராய்ச்சியில், பட்டம் பெற்ற மனோவைத்தியர்கள் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள், ஆறு முதல் எட்டு அமர்வுகளில் நோயாளிகளை இப்படிச் சிறு சிறு காரியங்களில் மறுபடியும் ஈடுபடுத்தியே கடுமையான மனச்சோர்வைத் தணித்துக் காட்டினார்கள். குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவரும் வழியும் நமக்குப் புதியதன்று: 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்னும் வைத்தியர் நோயாளிகளின் உறவினரை வளாகத்தில் கூடாரங்களில் தங்கச் செய்தார், வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த பாகாயம் மனநல மையத்தில் உறவினர் ஒருவர் நோயாளியுடனேயே தங்கும் முறை நெடுங்காலமாக நடைபெற்று வருகிறது. அங்கே மனைவியோ மகனோ கற்றுக்கொள்வது, எப்போது கை கொடுப்பது, எப்போது கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பது என்ற பாடத்தைத்தான். மரண எண்ணம் ஒருவர் வாயில் வந்துவிட்டால் மட்டும் இந்தப் பாடங்களுக்கெல்லாம் காத்திராமல், அன்றே வைத்தியரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். உடனடியாகப் பேச அரசாங்கத்தின் டெலி மானஸ் தொலைபேசி 14416 இரவு பகலாக இயங்குகிறது.

சார்பு சுபாவத்தின் முடிச்சை நேரடியாகத் தொடும் சிகிச்சையொன்றை, முன்னே கூறிய கிளெர்மனும் மிர்னா வைஸ்மனும் வகுத்து 1984இல் நூலாக்கினார்கள். இழவு, உறவுப் பிணக்கு, வாழ்க்கை நிலை மாற்றம், உறவு வறுமை என்ற நான்கில் எது இந்த நோயாளியின் சோர்வோடு பிணைந்திருக்கிறது என்று கண்டு, அதைப் பற்றியே பேசுவது இம்முறை. மொத்தம் பன்னிரண்டு முதல் பதினாறு வாரம் என்பது தொடக்கத்திலேயே நோயாளிக்குச் சொல்லப்படுகிறது. இறுதி வாரங்கள் முழுவதும் பிரிவைப் பற்றிய பேச்சுக்கே ஒதுக்கப்படுகின்றன. பழகிய ஒருவரை விட்டுப் பிரிவதில் வருத்தம் தோன்றுவது இயல்பு, அது நோய் திரும்பியதன் அறிகுறி அன்று என்பதை வைத்தியர் எடுத்துச் சொல்கிறார். இதுவரை செய்தவற்றில் எவை வைத்தியர் சொல்லாமல் நோயாளியே துணிந்து செய்தவை என்று இருவரும் ஒவ்வொன்றாக நினைவுகூர்கிறார்கள். அத்துடன் கதவைச் சாத்திவிடுவதும் இல்லை. மனச்சோர்வு அடிக்கடி திரும்பி வருபவர்களைப் பிட்ஸ்பர்க் நகரில் எல்லன் ஃபிராங்க் முதலியோர் மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்து, 1990இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, மருந்து நிறுத்தப்பட்டவர்களிடையேகூட, மாதம் ஒரே ஒரு முறை வந்து பேசிவிட்டுப் போனவர்களுக்கு நோய் மீண்டும் வர நெடுநாள் பிடித்தது.